காரைத் தாழ்த்த வேண்டும், இடுப்பும் பிழைக்க வேண்டும்: போலோவுக்கு என்ன வழி?

கோவைப் போலோ

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 2017 மாடல் போலோ, 1.2 லிட்டர் பெட்ரோல், 185/60 ஆர்15 டயர். வண்டியில் எனக்கு ஒரே ஒரு குறைதான்: டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய இடைவெளி. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வண்டி நுனிக்காலில் நிற்பது போல இருக்கிறது.

கொஞ்சம் தாழ்த்தலாம் என்று ஆசை. ஆனால் இது காட்சிக்கு வைக்கிற வண்டி இல்லை. விடுமுறை நாளில் அம்மா, அப்பா, மனைவி, பையன் எல்லாரும் ஏறுவோம். அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. குன்னூர் மலைப்பாதை, அவிநாசி சாலை, ஊருக்குள் இருக்கும் குண்டும் குழியும், எல்லாவற்றுக்கும் இதே வண்டிதான்.

கடைகளில் விசாரித்தால் ஒரே பதில்: "40 மி.மீ. லோயரிங் ஸ்பிரிங் மட்டும் போடுங்க சார், ஷாக் அப்சார்பர் பழசே இருக்கட்டும், ஒண்ணும் ஆகாது." நிஜமாகவே ஒன்றும் ஆகாதா? தாழ்த்தினால் கட்டாயம் தூக்கிப் போடுமா, இல்லை இரண்டையும் சேர்த்துப் பெற வழி இருக்கிறதா?

சேலத்துச் சக்கரம்

ஸ்விஃப்டில் 40 மி.மீ. ஸ்பிரிங் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறேன் ப்ரோ. பார்க்க ரொம்ப அழகு, வளைவில் வண்டி சாய்வதே இல்லை. ஆனால் சின்னப் பள்ளத்தில்கூட "டப்" என்று ஒரு அடி. நான் பெரும்பாலும் தனியாகத்தான் போகிறேன், அதனால் சமாளிக்கிறேன். அம்மாவை ஏற்றிக்கொண்டு போக இது ஆகாது.

பட்டறைப் பக்கம்

தம்பி, கடைக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வண்டி தரையை ஒட்டி நிற்பதால் மட்டும் உள்ளே இருப்பவருக்கு அடி விழுவதில்லை. சக்கரம் மேலே ஏற மிச்சம் இருக்கும் இடம் தீர்ந்துபோவதால்தான் அடி விழுகிறது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கணக்குக்காக ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் நிற்கும்போது சக்கரம் இன்னும் 80 மி.மீ. மேலே ஏற இடம் இருக்கிறது. ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்புக் கட்டை, அந்த 80-இல் கடைசிப் பாதியில் வந்து தாங்கத் தொடங்கும். இப்போது இதே ஷாக்கோடு 40 மி.மீ. தாழ்த்துங்கள். நிற்கும்போதே வண்டி பம்ப் ஸ்டாப்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதன் பிறகு வரும் ஒவ்வொரு மேடும் ஸ்பிரிங்கை அமுக்குவதில்லை, பம்ப் ஸ்டாப்பில் இடிக்கிறது. சேலத்து நண்பர் கேட்கும் அந்த "டப்" பெரும்பாலும் இதுதான்.

சரி, ஸ்பிரிங்கைக் கடினமாக்கினால் பம்ப் ஸ்டாப் வரைக்கும் போகாதே என்று தோன்றும். ஓரளவுக்குத்தான். ஒரு மேட்டின் அதிர்ச்சியை ஸ்பிரிங் உள்வாங்கும் அளவு, அது அமுங்கும் தூரத்தின் இருமடிப்படி ஏறுகிறது. ஆகவே அமுங்க இருக்கும் இடம் 80-இலிருந்து 55 ஆனால், அதே அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங் இரண்டு மடங்குக்கு மேல் கடினமாக இருக்க வேண்டும். இடம் பாதியாகி 40 ஆனால் நான்கு மடங்கு. அப்படி ஒரு ஸ்பிரிங்கை ரோட்டு வண்டிக்கு யாரும் செய்து தரமாட்டார்கள், தந்தாலும் உட்கார முடியாது. கொஞ்சம் கடினமான ஸ்பிரிங்கைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பம்ப் ஸ்டாப் தலையில் கட்டுவார்கள்.

ஸ்பிரிங் கடினத்தை உடம்பு எப்படி உணர்கிறது என்பதற்கும் கணக்கு உண்டு. முன்பக்கம் ஒரு மூலையில் 300 கிலோ உட்கார்ந்திருக்கிறது, சக்கரத்தில் அளந்தால் ஸ்பிரிங் மி.மீ.க்கு 25 நியூட்டன் என்று வையுங்கள். பாடி மேலும் கீழும் ஆடும் வேகம் வினாடிக்குச் சுமார் 1.45 முறை. குடும்ப வண்டிகள் எல்லாம் ஏறத்தாழ 1-க்கும் 1.5-க்கும் நடுவில்தான் இருக்கும். அதே ஸ்பிரிங்கை 30 சதவீதம் கடினமாக்கினால் 1.66. இது ஸ்போர்ட்ஸ் வண்டியின் நடை. கெட்டியாகத் தெரியும், ஆனால் நல்ல ஷாக் இருந்தால் அம்மா முகம் சுளிக்க மாட்டார். 

அதனால்தான் "ஷாக் பழசே இருக்கட்டும்" என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பெனி ஷாக் கம்பெனி ஸ்பிரிங்குக்காக அளந்து செய்தது. ஸ்பிரிங் கடினமானால், அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி விரியும் வேகத்தையும் யாராவது பிடித்து நிறுத்த வேண்டும். பழைய ஷாக்கால் முடியாது. ஒரு மேடு ஏறி இறங்கிய பிறகும் வண்டி இரண்டு மூன்று முறை ஆடும். ஆள்கள் அதை ஸ்பிரிங்கின் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஷாக்குக்குத் தெம்பு போதாததுதான் அங்கே காரணம்.

உங்களுக்கு என் யோசனை: 25 மி.மீ. போதும். அதோடு தாழ்த்திய வண்டிக்கென்றே உடல் குட்டையாகச் செய்த ஷாக் போடுங்கள். பில்ஸ்டீன் என்ற ஷாக் பிராண்டில் பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு மாற்று, பி6 என்பது கம்பெனி உயரத்துக்கான கெட்டி ஷாக், பி8 தான் குட்டை உடல். ஷாக் குட்டையானால் தாழ்த்தியதில் இழந்த தூரத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். ஸ்பிரிங்கைவிட ஷாக்குக்குத்தான் செலவு அதிகம். நடையைத் தீர்மானிப்பதும் அதுதான்.

நெல்லைச் சாலை

அண்ணா சொல்வதெல்லாம் சரி. ஆனால் நம்ம ஊர் வேகத்தடையை விட்டுவிட்டீர்களே! தாழ்த்திய வண்டியில் எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் ஒவ்வொன்றிலும் அடி தட்டும். என்னைக் கேட்டால் நம் நாட்டில் தாழ்த்தவே கூடாது. கம்பெனிக்காரன் தரைக்கும் வண்டியின் அடிக்கும் நடுவில் (கிரவுண்ட் கிளியரன்ஸ்) 165 மி.மீ. வைத்திருக்கிறான் என்றால் காரணம் இல்லாமலா?

அளவுகோல்

நெல்லை நண்பரே, இதை நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-இல் வகுத்த விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டு போல வளைந்து இருக்க வேண்டும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் கடக்கிறவருக்கான அளவு அது. போலோவின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.47 மீட்டர். வேகத்தடை அதைவிட அகலம் என்பதால், வண்டி நட்ட நடுவில் நிற்கும்போது நான்கு சக்கரமும் மேட்டின் மேலேயேதான் இருக்கும். அப்போது இரண்டு அச்சுக்கும் நடுவில் மேடு எவ்வளவு புடைத்திருக்கும்? வெறும் 45 மி.மீ. 165-இல் 25 போனாலும் 140 இருக்கிறது. விதிப்படி கட்டிய வேகத்தடையில் தாழ்த்திய போலோ தட்ட வாய்ப்பே இல்லை.

ஊர்க்காரர்களே தாரைக் கொட்டி எழுப்பும் தடைகளில்தான் வண்டி தட்டும். அரை மீட்டர் அகலம், அரை அடி உயரம். சக்கரம் இரண்டும் தரையில், மேடு முழுசாக வயிற்றுக்கு நேரே. 15 செ.மீ. மேட்டுக்கு 165 மி.மீ. உள்ள வண்டியே ஆள் ஏறினால் தட்டும். 140 என்றால் காலியாகவே தட்டும். ஆகவே கோவைப் போலோ செய்ய வேண்டியது, தினம் போகும் வழியில் இருக்கும் மோசமான தடையை ஒரு டேப்பை வைத்து அளப்பது. கிரவுண்ட் கிளியரன்ஸ் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க முடியாது.

நெல்லைச் சாலை

45 மி.மீ. என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சரி, விதிப்படி கட்டினால் தட்டாது என்பதை ஏற்கிறேன். எங்கள் ஊரில் விதிப்படி கட்டியதை நான் இன்னும் பார்க்கவில்லை, அதனால் என் வண்டியைத் தாழ்த்த மாட்டேன்.

ஐந்து பேர் குடும்பம்

எல்லாரும் காலி வண்டிக்குக் கணக்குப் போடுகிறீர்கள். அவர் ஐந்து பேரோடு போகிறேன் என்கிறார். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பைகள். பின் அச்சில் மட்டும் கூடுதலாக 160 கிலோ என்று வைத்தாலும், பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து மி.மீ.க்கு 40 நியூட்டன் என்றால் வண்டி 39 மி.மீ. உட்காரும். ஏற்கெனவே 40 தாழ்த்திய வண்டி இன்னும் 39 உட்கார்ந்தால் பின்பக்கம் என்ன மிச்சம்? அம்மா உட்காருவதும் பின்சீட்டில்தான்.

இதை யாரும் கடையில் சொல்வதில்லை. ஐரோப்பாவில் ஒருவரோ இருவரோ போகும் வண்டிக்கு எழுதிய விமர்சனங்களைப் படித்துவிட்டு நாமும் அதே கிட்டை வாங்குகிறோம்.

பட்டறைப் பக்கம்

மிகச் சரி. நான் சொல்லாமல் விட்டதைச் சேர்த்துவிட்டீர்கள். இதற்காகத்தான் பின்பக்கத்தை முன்பக்கத்தைவிடக் குறைவாகத் தாழ்த்தச் சொல்வேன். போலோவின் பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்திரம்), ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும். ஸ்பிரிங் உட்காரும் ரப்பர் சீட்டைத் தடிமனாகப் போட்டாலே பின்பக்கம் சில மி.மீ. மேலே வந்துவிடும். காலியாக நிற்கும்போது பின்பக்கம் கொஞ்சம் தூக்கலாகத் தெரியும், ஆள் ஏறினால் மட்டமாகும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மேடு முதலில் முன் சக்கரத்தைத் தூக்கும், கொஞ்சம் பொறுத்துத்தான் பின் சக்கரத்தைத் தூக்கும். 60 கி.மீ. வேகத்தில் போலோவுக்கு இந்த இடைவெளி வினாடியில் ஏழில் ஒரு பங்கு. பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஆடினால்தான் தாமதமாகத் தொடங்கியது முன்னே போனதை எட்டிப் பிடிக்கும், வண்டி மட்டமாக ஏறி இறங்கும். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் மாறி மாறித் தூக்கும், தலை ஆடும். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்த மாரிஸ் ஓலி கண்டறிந்தது இது, இன்றைக்கும் குடும்ப வண்டிகளை அமைக்கிறவர்கள் பின்பற்றுகிறார்கள். முன்பக்கத்துக்கு மட்டும் கடினமான ஸ்பிரிங் போட்டு, பின்பக்கத்தை அப்படியே விட்டால் இந்தச் சமன் கெட்டுவிடும். அம்மாவுக்கு இடுப்பு வலியோடு தலைசுற்றலும் சேரும்.

ஸ்டுட்கார்ட் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே ஜெர்மனியில் பழைய கோல்ஃப் ஒன்று வைத்திருக்கிறேன், பில்ஸ்டீன் பி12 போட்டது. அது பி8 ஷாக்கும் ஐபாக் ஸ்பிரிங்கும் ஒன்றாக வரும் தொகுதி. ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகத் தருவதால், தனித்தனியாக வாங்கிச் சோதித்துப் பார்க்கும் தலையிடி இல்லை. ஓட்டும்போது கெட்டியாக இருக்கும், ஆனால் இடிக்காது. ஒரு அசைவில் ஏறி, ஒரு அசைவில் நிற்கும். நெடுஞ்சாலையில் வேகம் கூடக்கூட இன்னும் நன்றாக இருக்கும். நகரத்துக்குள் மெதுவாகப் போகும்போது கல் பதித்த தெருவில் மட்டும் கொஞ்சம் தெரியும்.

ஒரு விஷயம் கவனியுங்கள் அண்ணா. இந்தியாவுக்கென்று செய்த போலோ இங்கே ஓடும் போலோவைவிட உயரம். பெட்டியில் 30 மி.மீ. என்று எழுதியிருந்தால் அது இங்கத்தைய உயரத்திலிருந்து 30. உங்கள் வாகனத்தில் போட்டால் அதைவிடக் கூடுதலாக இறங்கும். ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை நம்பாமல், சில்லின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை எவ்வளவு என்று அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் கதைக்கும்போது அந்த அளவை வைத்துக் கதையுங்கள்.

இங்கே இந்த வேலையைச் செய்தபின் பரிசோதகரிடம் காட்டி, பாகத்தோடு வந்த சான்றிதழைக் கொடுத்து, வாகனப் பத்திரத்தில் பதிய வேண்டும். சில்லை வளைத்துப் பார்ப்பார்கள், எங்கேயும் உரசக்கூடாது.

சாலை விதி

இந்தியாவில் அப்படி ஒரு எளிய வழி இல்லை என்பதுதான் என் ஆதங்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் பிரிவு 182ஏ சேர்ந்தது. சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

ஸ்பிரிங் மாற்றுவது இதில் எந்தப் பக்கம் வரும் என்பதை நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். மாற்றத்தை மறைத்து வைத்து, ஒரு விபத்துக்குப் பிறகு அது வெளியே வந்தால், இழப்பீடு கேட்கும் இடத்தில் உங்கள் குரல் எடுபடாது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர் இதை இரண்டாம் பட்சமாக நினைக்கக்கூடாது.

புதுக்கோட்டை டர்போ

ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டினால் செலவே இல்லையே? எங்கள் பக்கம் நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

பட்டறைப் பக்கம்

வேண்டாம் தம்பி. வேண்டவே வேண்டாம்.

ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் கடினம் 20 சதவீதம் ஏறும், அது இருக்கட்டும். ஸ்பிரிங்கின் முனை, அது உட்காரும் கிண்ணத்துக்கு ஏற்ற வடிவத்தில் செய்தது. வெட்டிய முனை அதில் உட்காராது. ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நீளம் போதாமல் ஸ்பிரிங் தளர்ந்துவிடும், திரும்ப உட்காரும்போது கோணலாக உட்காரும். கேஸ் வைத்துச் சூடாக்கித் தாழ்த்துவது இதைவிட மோசம். ஸ்பிரிங் எஃகுக்கு ஆலையில் கொடுத்த பதமே போய்விடும். எப்போது உடையும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஈசிஆர் காற்று

வெட்டிய ஸ்பிரிங்கின் லட்சணத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பழைய வண்டி ஒன்று வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவர் ஏதோ ஒரு பட்டறையில் வெட்டியிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. டயர் மாற்ற ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்பிரிங் கையால் அசைக்கிற அளவுக்குத் தளர்ந்து நிற்கிறது! நான்கு ஸ்பிரிங்கும் மாற்றிவிட்டுத்தான் அந்த வண்டியை மீண்டும் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன். செலவில்லாத வேலை என்று யாராவது சொன்னால் கோபம் வருகிறது. அந்தச் செலவையும் ஆபத்தையும் அடுத்து வாங்குகிறவன் தலையில் வைக்கிறார்கள்.

டயர் பித்தன்

தாழ்த்துகிற ஆள் எப்படியும் அடுத்து 17 அங்குல அலாய் கேட்பார், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். டயரின் பக்கச்சுவரும் ஒரு ஸ்பிரிங்தான். உங்கள் 185/60 ஆர்15-இல் அது 111 மி.மீ. 205/45 ஆர்17 போட்டால் 92. ஷாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் அத்தனை பணம் கொட்டி மிச்சப்படுத்திய மென்மையை இந்த 19 மி.மீ.யில் தொலைத்துவிடுவீர்கள். பள்ளத்தின் கூர்மையான விளிம்பை முதலில் விழுங்குவது ரப்பர்தான், ஷாக்குக்கு வேலை அதற்கப்புறம்தான். பெரிய அலாய் கனமாகவும் இருக்கும், கனமான சக்கரம் குதித்தால் ஷாக்கால் அதை எளிதில் அடக்க முடியாது.

இடைவெளி கண்ணை உறுத்துகிறது என்பதுதானே உங்கள் குறை? 15 அங்குலத்திலேயே இருங்கள். 195/60 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் 12 மி.மீ. கூடும், மட்கார்டுப் பக்கம் 6 மி.மீ. இடைவெளி தானாக அடையும், பக்கச்சுவரும் 117 ஆகும். ஸ்பீடோமீட்டர் 2 சதவீதம் மாறும். தாழ்த்திய பிறகு ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். காற்றை வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவுக்கு வையுங்கள். மைலேஜுக்காகக் கூட அடித்துவிட்டு "சஸ்பென்ஷன் கடினம்" என்று சொல்பவர்கள் நிறைய.

புதுக்கோட்டை டர்போ

ஏர் சஸ்பென்ஷன் போட்டால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடாதா? நிற்கும்போது கீழே, ஓடும்போது மேலே.

அளவுகோல்

கொள்கை அளவில் அழகானதுதான். சித்ரோயன் 1955-இலேயே டிஎஸ் காரில் நைட்ரஜன் வாயுவையும் எண்ணெயையும் வைத்து, உயரத்தை மாற்றிக்கொள்கிற, மெத்தென்ற சஸ்பென்ஷனைக் கொண்டுவந்துவிட்டது. ஆனால் அது முழுக் காரையும் அதற்காகவே வடிவமைத்துச் செய்தது. வெளியில் வாங்கி மாட்டும் ஏர் கிட்டில் கம்ப்ரஸர், டேங்க், வால்வு, குழாய் என்று ஒவ்வொன்றும் கசியக்கூடிய இடம். நம் வெயிலிலும் தூசியிலும் அதைப் பராமரிக்கத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். சாலை விதி நண்பர் சொன்ன சட்டச் சிக்கலும் இங்கே இன்னும் பெரிது.

கோவைப் போலோ

எல்லாருக்கும் நன்றி. 40 மி.மீ. எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதிவிட்டு, பி8 ஷாக்கும் அதற்கேற்ற ஸ்பிரிங்கும் சொல்லியிருக்கிறேன். பின்பக்கத்துக்குத் தடிமனான ரப்பர் சீட். வழியில் இருக்கும் மோசமான தடையையும் அளந்தேன், 11 செ.மீ. உயரம்தான். மாட்டும்போது எதைக் கவனிக்க வேண்டும், பட்டறை அண்ணா?

பட்டறைப் பக்கம்

நல்ல முடிவு. மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கை) புஷ்களின் போல்ட்டையும் பின் பீமின் போல்ட்டையும் வண்டி தொங்கும்போது இறுக்கக்கூடாது. அந்த ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டியைக் கீழே இறக்கிய நொடியிலிருந்தே அது முறுக்கிய நிலையில் இருக்கும், தானே ஒரு கூடுதல் ஸ்பிரிங்காக எதிர்த்துத் தள்ளும். நடையும் கடினமாகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். கொஞ்சம் தளர்வாக விட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகு, புதிய உயரத்தில் முழு டார்க் கொடுத்து இறுக்க வேண்டும். பல பட்டறைகளில் நேரம் போகிறது என்று இதைச் செய்வதில்லை. கேட்டு வாங்குங்கள்.

முன்பக்கம் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) மேல் மவுண்ட்டும் பேரிங்கும் புதிது போடுங்கள். எப்படியும் கழற்றுகிறார்கள், பழையதை மாட்டினால் பிறகு சத்தம் வந்து மீண்டும் முதலிலிருந்து வேலை. ஷாக்கோடு வரும் பம்ப் ஸ்டாப்பையே போடுங்கள், பழைய தேய்ந்ததை மாட்ட விடாதீர்கள்.

அப்புறம் அலைன்மென்ட். தாழ்த்தினால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்முனை, கொஞ்சம் உள்பக்கம் சாயும், டயரை உண்மையில் தின்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறுவதுதான். புது ஸ்பிரிங் சில வாரங்களில் இன்னும் சற்று உட்காரும், ஆகவே மாட்டியதும் ஒருமுறை, உட்கார்ந்த பிறகு ஒருமுறை. 25 மி.மீ.யில் லோயர் ஆர்ம் இன்னும் கிட்டத்தட்ட மட்டமாகவே இருக்கும், அதனால் ஸ்டியரிங் குணம் பெரிதாக மாறாது. 50 தாழ்த்துகிறவர்களுக்கு ஆர்ம் வெளிப்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும், வண்டி சாயும் மையம் பாடியைவிட வேகமாகக் கீழே போய்விடும். தாழ்த்தியும் முன்னைவிட அதிகமாகச் சாய விரும்புகிற வண்டி கையில் இருக்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங், இப்படியே போகும்.

கடைசியாக ஹெட்லைட். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு இறங்கினால் ஒளியின் கோணம் மாறும். சுவரில் அடித்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கோவைப் போலோ

வேலை முடிந்து, இரண்டாவது அலைன்மென்ட்டும் ஆயிற்று. உட்கார்ந்த பிறகு அளந்ததில் முன்பக்கம் 26 மி.மீ., பின்பக்கம் 17 மி.மீ. இறங்கியிருக்கிறது. புஷ் போல்ட்டை எடை உட்கார்ந்த பிறகு இறுக்கச் சொன்னபோது மெக்கானிக் முதலில் தயங்கினார், பிறகு நான்கு சக்கரத்துக்கும் கீழே மேடை வைத்துச் செய்தார்.

நடை: ஊருக்குள் 20, 30 கி.மீ. வேகத்தில் முன்னைவிடக் கெட்டி, அதை மறைக்க மாட்டேன். சின்னச் சின்னக் கல், ஒட்டுப்போட்ட தார், எல்லாம் கையில் தெரிகிறது. 50-ஐத் தாண்டினால் பழைய வண்டியைவிட நன்றாக இருக்கிறது. முன்பு பாலத்தின் இணைப்பில் ஏறினால் இரண்டு தரம் குதிக்கும், இப்போது ஒரே தரம் அமுங்கி எழுந்து நிற்கிறது. குன்னூர் ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சாய்வது வெகுவாகக் குறைந்ததால், பின்சீட்டில் வழக்கமாக வாந்தி எடுக்கும் பையன் இந்த முறை எடுக்கவில்லை. அம்மா குன்னூர் வரை வந்தார், வலி கூடவில்லை என்றார். ஐந்து பேரும் ஏறியபின் நான் அளந்த அந்தத் தடையை மெதுவாகச் சாய்வாக ஏறிக் கடந்தேன், தட்டவில்லை. டயர் பழையதே, அது தேய்ந்த பிறகு 195/60 பார்க்கிறேன்.

ஐந்து பேர் குடும்பம்

ஏற்றப்பட்ட வண்டியில் சோதித்துச் சொன்னதற்கு நன்றி. இந்தத் தகவல்தான் வேறு எங்கேயும் கிடைப்பதில்லை.

சேலத்துச் சக்கரம்

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. என் ஸ்விஃப்டில் 40 மி.மீ. ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டே ஷாக்கை மட்டும் மாற்றினால் அந்த "டப்" போகுமா அண்ணா?

பட்டறைப் பக்கம்

பார்க்காமல் சொல்ல முடியாது தம்பி, ஆனால் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஷாக்கின் தண்டை மூடியிருக்கும் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, தண்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேபிள் டையை அடியோடு ஒட்டி இறுக்குங்கள். வழக்கமாகப் போகும் வழியில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஷாக் எவ்வளவு தூரம் உள்ளே போனதோ அதுவரை டை தண்டில் மேலே தள்ளப்பட்டிருக்கும். பம்ப் ஸ்டாப்பை நசுக்கும் அளவுக்குப் போயிருந்தால், இடம் போதவில்லை என்று அர்த்தம். குட்டை ஷாக் கொஞ்சம் உதவும், ஆனால் ஸ்பிரிங்கையும் 25-க்கு ஏற்றினால்தான் முழுசாகத் தீரும். பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே நின்றிருந்தால், சத்தம் வேறு இடத்திலிருந்து வருகிறது: மேல் மவுண்ட்டையும் ஸ்டெபிலைசர் லிங்க்கையும் பாருங்கள்.

முன், பின் இரண்டிலும் டை மாட்டி, நிற்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு எத்தனை மி.மீ. இடைவெளி, ஓட்டிய பிறகு டை எத்தனை மி.மீ. ஏறியது என்று எழுதுங்கள். அதைப் பார்த்து எந்த ஷாக் என்று சொல்கிறேன்.